உடல்நலக் குறிப்பேடு: எடைக் குறைப்புக்கும் நல்ல பழக்கங்களுக்கும் துணை

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் அறிவுறுத்திய பின்னர், பலரும் முதல் இரண்டு வாரங்கள் உணவைக் குறைக்கின்றனர். எடைப்பொறியின் முள் நகராததைக் கண்டு மூன்றாம் வாரத்தில் முயற்சியைக் கைவிடுகின்றனர். இந்த இடைவெளியில் அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய எளிய கருவி உடல்நலக் குறிப்பேடு ஆகும். உண்பதையும் நடப்பதையும் உறங்குவதையும் அன்றன்றே எழுதி, வாரம் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கமே இது. நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் மனத்திற்கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. பிற ஊர்களில் வாழ்வோரும் தத்தம் உணவிற்கும் பணிக்கும் ஏற்ப இதனைப் பயன்படுத்தலாம்.

குறிப்பேடு ஏன் உதவுகிறது?

நூற்பாலைகளும் பருத்தி வணிகமும் நிறைந்த இராஜபாளையத்தில் சிட்டையும் பேரேடும் புதியவை அல்ல. வரவு செலவை அப்போதைக்கப்போது பதிவது சிட்டை. அதனை வகைப்படுத்தித் தொகுப்பது பேரேடு. சிட்டை எழுதாத கடையில் பணம் எங்கே கரைந்தது என்று மாத இறுதியில் எவராலும் கூற இயலாது. உணவின் நிலையும் இதுவே. மூன்று வேளை உணவு நினைவில் நிற்கும். பணியிடத்தில் அருந்திய தேநீர், பேருந்து நிலையத்தில் உண்ட வடை, பிள்ளைகள் மீதம் வைத்த சோறு ஆகியவை நினைவில் நிற்பதில்லை.

இது மன உறுதியின் குறைபாடு அன்று. மனித நினைவின் இயல்பு. உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்று முறையிட்ட சிலரை அமெரிக்க ஆய்வாளர்கள் துல்லியமான முறைகளால் அளந்து பார்த்தனர். 1992ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தே கூறியிருந்தது தெரியவந்தது. 2008இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 1,700 பேர் பங்கேற்றனர். அதில், நாள்தோறும் உணவைப் பதிவு செய்தோர் பதிவு செய்யாதோரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடையைக் குறைத்திருந்தனர்.

எடையைவிடப் பழக்கமே முதன்மையானது

நம் மாநிலத்திலேயே நடைபெற்ற ஓர் ஆய்வு இதனினும் முக்கியமான பாடத்தைத் தருகிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு ஏற்பட்டது. உணவு மாற்றத்தையும் நாள்தோறும் 30 நிமிட வேக நடையையும் மேற்கொண்ட பிரிவில் இது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் அப்பிரிவினரின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடை குறையாதபோதும் பழக்கம் மாறியதால் நோய் தள்ளிப்போயிற்று.

அதே மருத்துவரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், பணியில் உள்ள 537 ஆண்கள் இரண்டு ஆண்டுகள் பங்கேற்றனர். உணவு, நடை பற்றிய சிறு நினைவூட்டல்களைக் கைபேசிக் குறுஞ்செய்தியாகப் பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. சிறிய அளவிலான தொடர் நினைவூட்டலுக்கும் பயன் உண்டு என்பதை இது காட்டுகிறது. குறிப்பேடு நாமே நமக்கு அளித்துக்கொள்ளும் நினைவூட்டல் ஆகும்.

எனவே குறிப்பேட்டில் பழக்கங்களுக்கே முதல் இடம் அளித்தல் வேண்டும். எடைக்கு இரண்டாம் இடம் போதும். எடை ஒன்றையே பார்ப்பவர், அது அசையாத வாரத்தில், உண்மையில் பயன் தந்துகொண்டிருக்கும் நடையையும் உணவு மாற்றத்தையும் சேர்த்தே கைவிட்டுவிடும் இடர் உள்ளது.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

முதல் பக்கத்தில் நாளிட்டுக் கீழ்க்கண்டவற்றை எழுதுக.

• உயரம், எடை. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொள்க. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு 70ஐ 2.56ஆல் வகுக்க, 27.3 கிடைக்கும். இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை இயல்பானது. 23 முதல் 24.9 வரை மிகை எடை. 25 அல்லது அதற்கு மேல் உடற்பருமன்.

• இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தல் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் வரம்பைக் கடந்தால் நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் இடர் மிகும்.

• இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றின் அண்மை அளவுகள். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம்.

தொடக்க எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை ஆறு மாதங்களில் குறைப்பது பெரும்பாலோருக்கு ஏற்ற இலக்காகும். 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 4 முதல் 8 கிலோ.

நாள்தோறும் எதை எழுத வேண்டும்?

முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல உண்டு, உள்ளதை உள்ளபடி எழுதுவது மட்டுமே அவ்வாரத்தின் பணி. உண்ட உடனே எழுதுதல் வேண்டும். இரவில் மொத்தமாக எழுதினால் பாதி விடுபடும்.

• உணவு: நேரம், பொருள், அளவு. கிராம் கணக்கு தேவையில்லை. இட்லியின் எண்ணிக்கை, சோற்றுக் கரண்டி, டம்ளர், கிண்ணம் என வீட்டு அளவே போதும். நாள்தோறும் ஒரே அளவைப் பயன்படுத்துக.

• பானங்கள்: தேநீர், காப்பி, குளிர்பானம், இளநீர், அவற்றிலுள்ள சர்க்கரை எத்தனை தேக்கரண்டி என்பது.

• காரணம்: பசியா, களைப்பா, கவலையா, பிறர் வற்புறுத்தலா? ஒரே சொல்லில் எழுதுக.

• நடையும் உடலுழைப்பும்: எத்தனை நிமிடம் என்பது.

• உறக்கம்: எத்தனை மணி நேரம் என்பது.

• மருந்து: உட்கொண்டதா, விடுபட்டதா என்பது.

எழுதப் படிக்க இயலாதோர் கோடுகளும் படங்களும் வரையலாம். ஒரு தேநீருக்கு ஒரு கோடு, பத்து நிமிட நடைக்கு ஒரு வட்டம் என வைத்துக்கொண்டாலே வாரக் கணக்கு கிடைத்துவிடும்.

ஒரு நாள் பதிவு: எடுத்துக்காட்டு

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவப் பயன்பாட்டிற்கான கட்டுத்துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. அத்தகைய தறிக்கூடம் ஒன்றில் பணிபுரியும் 46 வயதுடைய ஒருவரின் பதிவு எவ்வாறு அமையலாம் என்பதற்கு இது ஒரு கற்பனை மாதிரி.

காலை 6.00: தேநீர், சர்க்கரை 2 தேக்கரண்டி.
8.30: இட்லி 5, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பசி.
11.00: தேநீர், சர்க்கரை 2, உளுந்தவடை 2. உடன் பணிபுரிவோர் அழைத்தனர்.
1.30: சோறு 4 கரண்டி, குழம்பு, பொரியல் 1 கரண்டி.
4.00: தேநீர், சர்க்கரை 2; காரச்சேவு ஒரு கைப்பிடி. களைப்பு.
6.30: தேநீர், சர்க்கரை 2.
9.30: புரோட்டா 3, சால்னா. கடையில் உண்டது.
10.15: பால், சர்க்கரை 2.
நடை: இல்லை. உறக்கம்: 6 மணி நேரம்.

இதனை ஒரு மருத்துவப் பணியாளர் எவ்வாறு படிப்பார்? ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். நான்கு தேநீரும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்து 10 தேக்கரண்டி, அதாவது 50 கிராம், 200 கலோரி. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் சர்க்கரையின் உச்ச வரம்பு 50 கிராம். அதனை 25 கிராமாகக் குறைத்தல் மேலும் நன்று என்றும் அது கூறுகிறது. எனவே உச்ச வரம்பு பானங்களிலேயே நிறைந்துவிட்டது. காய்கறி ஒரு கரண்டிக்கு மேல் இல்லை. தறியருகே நாள் முழுதும் நிற்பதனால் உடற்பயிற்சி ஆகிவிட்டது என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் நிற்பது வேக நடைக்கு ஈடாகாது.

வாரம் ஒருமுறை: சிட்டையிலிருந்து பேரேடு

ஞாயிறு போன்ற ஓய்வு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஏழு நாள் பதிவையும் படிக்கவும். மூன்று கேள்விகளுக்கு விடை எழுதவும்.

1. இவ்வாரம் எது மீண்டும் மீண்டும் வந்தது?
2. அது எந்த நேரத்தில், எதனால் வந்தது?
3. வரும் வாரத்தில் மாற்றக்கூடிய ஒன்று எது?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், "ஒவ்வொரு பானத்திலும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி" என்னும் ஒரே மாற்றம் நாளொன்றுக்கு 25 கிராம் சர்க்கரையைக் குறைக்கும். அது பழகிய பின்னர், நான்கு மணிக்குக் காரச்சேவுக்கு மாற்றாக வேகவைத்த சுண்டல் கொண்டு செல்லலாம். அதன் பின்னர் இரவுப் புரோட்டா நாட்களைக் குறைக்கலாம். "குறைவாக உண்பேன்" என்று எழுதுவது பயன் தராது. எந்த நேரம், எந்தப் பொருள், எவ்வளவு என்று எழுத வேண்டும்.

எடையையும் அன்று மட்டுமே, காலையில், உணவிற்கு முன், ஒரே எடைப்பொறியில் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

வீட்டின் மாதக் கணக்கு

எண்ணெயையும் உப்பையும் ஒருவரின் தட்டில் அளப்பது கடினம். வீட்டு மளிகைச் சீட்டிலிருந்து அவற்றைக் கணக்கிடலாம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவிற்குப் பரிந்துரைக்கும் கொழுப்பு, எண்ணெயின் அளவு 27 கிராம். கடையில் உண்ணும் வடையும் புரோட்டாவும் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

அவ்வாறே, நால்வருக்கு மாதம் ஒரு கிலோ உப்பு செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் மேல். பரிந்துரைக்கப்படும் வரம்பு 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு இதற்கும் மேல். குடும்பத்தில் எவருக்கேனும் இரத்த அழுத்தம் இருப்பின் இக்கணக்கு இன்றியமையாதது.

ஊர் வழக்கங்களோடு பொருத்திக்கொள்ளுதல்

இரவுப் பணி: நூற்பாலைகளில் முறைப்பணி செய்வோருக்கு நாள் என்பது காலையில் தொடங்குவதில்லை. அவர்கள் கண்விழிக்கும் நேரத்திலிருந்து அடுத்த உறக்கம் வரை ஒரு நாளாகக் கொண்டு பதியலாம். முறைப்பணி மாறும் வாரத்தை மேலே குறித்துக்கொள்க. அவ்வாரத்தில் பசியும் உறக்கமும் மாறுவது இயல்பு. பணிக்குப் புறப்படும் முன் முழு உணவை உண்டு, நள்ளிரவிற்குச் சுண்டல், பழம், மோர் போன்றவற்றைக் கொண்டு செல்வது கடைப் பலகாரங்களைக் குறைக்கும்.

பால்கோவா: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துச் செய்யப்படுவதால் சிறிதளவிலேயே மிகுந்த கலோரி அடங்கியுள்ளது. அதனை முற்றிலும் விலக்க வேண்டும் என்று எழுதிவைத்துப் பின் மீறுவதைவிட, எந்த நாளில் எத்தனை தேக்கரண்டி என்று முன்கூட்டியே எழுதிவைத்தல் நன்று. வீட்டிற்கு வரும் விருந்தினருக்கென வாங்கிய பொட்டலம் குளிர்பதனப் பெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் குறிப்பேடு காட்டிக்கொடுக்கும். நீரிழிவு உள்ளோர் இனிப்பு உண்பது குறித்து மருத்துவரின் அறிவுரையைப் பின்பற்ற வேண்டும்.

திருவிழாவும் நோன்பும்: ஆடிப்பூரத் தேரோட்டம், புரட்டாசிச் சனிக்கிழமை, திருமண நாட்கள் ஆகியவற்றில் பதிவை நிறுத்த வேண்டாம். "இன்று விருந்து" என்னும் இரு சொற்கள் எழுதினாலும் போதும். தொடர்ச்சி அறுபடாமல் இருப்பதே முக்கியம்.

நடை: பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை. நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் நடந்தால் இது நிறைவேறும். கோடையில் வெயில் ஏறும் முன்னரே, ஸ்ரீவில்லிபுத்தூரின் தேர் வீதிகளிலோ வீட்டிற்கு அருகிலுள்ள திடலிலோ நடக்கலாம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். கோயிலை வெறுங்காலுடன் வலம் வரும் நீரிழிவு நோயாளிகள் நண்பகல் வேளையைத் தவிர்க்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான கற்றளத்தில் ஏற்படும் கொப்புளம் தெரியாமல் போகலாம். அன்றிரவே பாதத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுதல் நன்று.

எடை குறையாத வாரங்களில்

உடலிலுள்ள நீர், உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் ஆகியவற்றால் எடை 1 முதல் 2 கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு. எனவே ஒரு வார எடையைக் கொண்டு முடிவு செய்யாமல், நான்கு வாரங்களை ஒப்பிட வேண்டும். நான்கு வாரமும் எடை மாறவில்லையெனில் முதலில் பழக்கப் பகுதியைப் படிக்கவும். நடை நிமிடங்கள் கூடியுள்ளனவா? சர்க்கரைக் கரண்டிகள் குறைந்துள்ளனவா? இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்பட்டுள்ளனவா? ஆம் எனில் முயற்சி பயன் தருகிறது. இல்லையெனில் அடுத்த ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இது.

சில நாட்கள் எழுத மறந்தால் பழைய பக்கங்களை நிரப்ப முயல வேண்டாம். இன்றைய நாளிலிருந்து தொடர்க.

பராமரிப்பாளர்களுக்கு

குறிப்பேடு நோயாளிக்கு உரியது. அதனைக் குற்றப்பத்திரிகையாகப் பயன்படுத்தினால், அடுத்த நாளிலிருந்து உண்மை எழுதப்பட மாட்டாது. "ஏன் வடை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதைவிட, "அந்த நேரத்தில் பசித்ததா? நாளை ஏதேனும் கொடுத்தனுப்பட்டுமா?" என்று கேட்பது பயன் தரும். முதியோருக்காக நீங்கள் எழுதும்போது, அவர் கூறியதை அப்படியே எழுதுக. ஒருவருக்கெனத் தனிச் சமையல் செய்வதைவிட, முழுக் குடும்பத்திற்கும் எண்ணெயையும் உப்பையும் சர்க்கரையையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது நீடித்து நிற்கும்.

கவனத்திற்கு: யார் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்?

• இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர். உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 70க்குக் கீழ் இருந்தாலோ, அளக்கக் கருவியின்றி அறிகுறிகள் தோன்றினாலோ, உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108ஐ அழைக்கவும். நிகழ்வின் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டவும். மருந்தைத் தாமாகவே குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

• கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுவர்கள், சிறுநீரக நோயாளிகள், மிக முதியோர்.

• உணவைப் பற்றிய அச்சம், தவிர்த்தல், உண்டபின் வாந்தி எடுத்தல் போன்ற பழக்கம் உள்ளோர். எழுதுவது மனவேதனையைக் கூட்டினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூறவும்.

முயற்சி ஏதுமின்றி எடை குறைந்துகொண்டே வந்தால் மகிழ வேண்டாம். கட்டுப்பாடற்ற நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் போன்றவை காரணமாக இருக்கலாம். உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிற்கு வந்து அளவுகளைப் பார்க்கும்போது, அவற்றைக் குறிப்பேட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். பொதுவான உடல்நல ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம். மருத்துவரைக் காணச் செல்லும்போது மருந்துச் சீட்டுடன் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன்" என்னும் விடையைவிட நான்கு வாரப் பதிவு மருத்துவருக்கு மிகுதியாக உதவும்.

நினைவிற்கொள்க

• உண்டவுடன் எழுதுக. வாரம் ஒருமுறை படிக்கவும்.
• ஒரு வாரத்திற்கு ஒரு மாற்றம் போதும்.
• எடை நகராவிடினும் நல்ல பழக்கம் பயன் தரும்.
• மருந்தை மருத்துவரைக் கேளாமல் மாற்ற வேண்டாம்.
• விடுபட்ட நாளுக்காக வருந்தாமல், இன்றைய பக்கத்தைத் திறந்து எழுதத் தொடங்குக.